எத்தனை பேருக்கு

பகல் ஷிப்டுக்கு இரண்டாயிரத்து நூறு இலை,
இரவுக்கு ஆயிரத்து நானூறு.
விடிகாலை நாலரைக்கு ஸ்டோர் ஜன்னல் திறந்ததும்
பெஞ்சலய்யா கேட்பது ஒரே கேள்வி:
"எந்தமந்தி?"
எத்தனை பேர் என்று சொன்னால் போதும்,
பருப்பு தானே நடந்து தராசுக்கு வந்துவிடும்.

சத்தியவேடு ரோட்டில்
டயர் கம்பெனி மதிலை ஒட்டி எங்கள் கேண்டீன்.
வெங்காயத்துக்கு அழுவதை நான் நிறுத்தி
மூன்று வருஷம்.

மூன்று விண்ணப்பம் கொண்டுவந்தேன்.
மூன்றையும் தராசில் போட்டுப் பார்த்தார் பெஞ்சலய்யா.
சென்னைதான் கனம்.
வழவழ அட்டை, பி.எஸ்சி., மூன்று வருஷம்,
வருஷத்துக்கு ஒண்ணே முக்கால் லட்சம்,
கத்திப் பெட்டியும் தொப்பியும் தனி.
அட்டையில் ஒரு பையன்
வாணலியிலிருந்து நெருப்பைத் தூக்கிக் காட்டுகிறான்.
இங்கே அப்படித் தூக்கினால்
சேஃப்டி ஆபீசர் சீட்டைக் கிழிப்பார்.

பெங்களூர் நாலு வருஷம்,
கடைசி ஆறு மாசம் கப்பலில்.
"ஊத்துக்கோட்டை பஸ்சுக்கே வாந்தி எடுப்பே,
கப்பலா?" என்றான் லோகேஷ்.

திருப்பதி ஒன்றரை வருஷம், சான்றிதழ் மட்டும்.
இரண்டு மாசச் சம்பளத்தில் முடியும்.
ஒரே ஒரு தாள்,
முள் அசையவே இல்லை.

ஒரு ஞாயிறு சென்னைக்குப் போய்ப் பார்த்தேன்.
"வேறு மாநிலமா?" என்றார் டை கட்டியவர்.
ஆமாம் என்றேன்,
அவரைவிட நல்ல தமிழில்.
பல் டாக்டர் அறைபோல ஒரு சமையலறை.
பன்னிரண்டு அடுப்பு, ஒன்றிலும் கறை இல்லை.
ஒரு நாளைக்கு எத்தனை கிலோ வெட்டுவார்கள் என்றேன்.
"கிலோவா? நாலு பேருக்கு ஒரு கோழிம்மா."
சிரித்தார். நானும் சிரித்தேன்.
ஒன்பது மணிக்குள் நூற்றிப்பத்துக் கிலோ
நான் ஒருத்தி வெட்டுவதைச் சொல்லவில்லை.
சொன்னால்
வேலை கேட்க வந்தவள் ஆகியிருப்பேன்.

ஓரத்தில் ஒரு பெண்
சின்னக் கிண்ணத்தில் மஞ்சள் கருவை அடித்துக்கொண்டிருந்தாள்.
உருக்கிய வெண்ணெய், சொட்டுச் சொட்டாக.
திரிந்துவிட்டது.
முகம் மாறவில்லை அவளுக்கு.
ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டாள், அடித்தாள்,
பிரிந்தது சேர்ந்துகொண்டது.
எப்படி என்றேன்.
"சூடு கூடிப்போச்சு, அவ்ளோதான்."

அவ்வளவுதானா.
எங்களிடம் திரிந்தால்
அண்டாவையே சாய்ப்போம்,
நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி.

திரும்பும் பஸ்ஸில் வாந்தி வரவில்லை,
யோசனைதான் வந்தது.

வீட்டில் நாங்கள் இருவர்.
நான் ரசம் வைத்தால் தெருவுக்கே காணும்.
உப்பைக் கை அள்ளும்; கிள்ளத் தெரியாது.
ஒரு தக்காளியை வைத்துக்கொண்டு
எவ்வளவு புளி என்று நின்றிருக்கிறேன்,
பரீட்சையில் நிற்பதுபோல.
லோகேஷ் தட்டிலிருந்து நிமிர மாட்டான்.
"பரவால்லக்கா, மோர் ஊத்திக்கிறேன்."

திருப்பதித் தாளைத் திருப்பினேன்.
பின்பக்கம் பாடத்திட்டம், மங்கிய அச்சு.
எழுத்துக்கூட்டிப் படித்தேன்.
முதல் வாரம், முதல் செய்முறை:
ஒரு முட்டை.

பஸ் ஸ்டாண்ட் நெட் சென்டரில்
பையன் கேட்காமலே அடித்துவிட்டான்,
சிறு வயது முதல் சமையலில் தீராத ஆர்வம் என்று.
"எல்லாரும் இதான் போடுவாங்க."
அழி என்றேன்.
காரணம் கேட்ட கட்டத்துக்கு ஐந்து வரி இடம்.
சொன்னேன், அடித்தான்:
மூவாயிரத்து ஐந்நூறு பேருக்குச் சமைப்பேன்.
இரண்டு பேருக்குத் தெரியாது.

"இன்னும் நாலு வரி சும்மா கிடக்குதுக்கா."
வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.
இரவு ஷிப்ட், ஆயிரத்து நானூறு.
காசை எண்ணி மேஜையில் வைத்தேன்.
அவன் அந்த நாலு வரியையும்
அப்படியே அனுப்பினான்.